மன்னாரின் காற்றும் நமது கிணறுகளும்

காற்றாலையை எதிர்ப்பவர் நிலக்கரிக்கு நண்பர், முன்னேற்றத்துக்குப் பகைவர். 2025 ஆகஸ்டில் மன்னார் தீவு மக்கள் தெருவில் உட்கார்ந்தபோது அவர்கள்மீது குத்தப்பட்ட முத்திரை இதுதான். முத்திரை குத்தியவர்களில் சிங்களப் பேரினவாதிகள் மட்டும் இல்லை. காலநிலை மாற்றம் பற்றி அக்கறையோடு பேசுகிற, நம்மைப் போன்றே முற்போக்கு பேசுகிற இளைஞர்களும் இருந்தார்கள். "சுத்தமான மின்சாரத்தைக்கூட வேண்டாம் என்றால் எப்படி?" என்று அவர்கள் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் மன்னார் மக்கள் காற்றை எதிர்த்து உட்காரவில்லை. எங்கள் நிலத்தில், எங்கள் தண்ணீரின் மேல், எங்களைக் கேட்காமல் முடிவெடுக்க நீங்கள் யார் என்று கேட்டு உட்கார்ந்தார்கள். சாதி எதிர்ப்பு அரசியலில் நிற்கிறவர்களுக்கு இது பழக்கமான கேள்வி. நிலம், நீர், மின்சாரம் மூன்றும் நமது அரசியலின் மையத்தில் இருப்பவை.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது எல்லோருக்கும் தெரியும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவரது பொறுப்பில்தான் இருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மின்சாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும், அது தனியார் லாபத்துக்கான சரக்காக இருக்கக் கூடாது, அரசின் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஏழை நாட்டின் உழைக்கும் மக்கள் வறுமையிலிருந்து மீள மின்சாரம் வழி என்று அவர் பார்த்தார். ஆகவே மின்சாரத்தை மறுப்பது நமது மரபல்ல. அது யாருக்காக, யார் முடிவில், யார் தலைமேல் என்று கேட்பதுதான் நமது மரபு.

தீவு எப்படிப்பட்டது

மன்னார் தீவின் பரப்பு சுமார் 130 சதுர கிலோமீட்டர். மணலும் பனையும் பெருக்க மரமும் நிறைந்த, கடல் மட்டத்தைவிடக் கொஞ்சமே உயர்ந்த தட்டை நிலம். தீவுக்குள் ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணறு தோண்டினால் கிடைப்பது அந்தப் படலம்தான். மேலே இருக்கிற நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினாலோ, அதைத் தாங்குகிற மணலைக் கலைத்தாலோ, உப்பு மேலே ஏறிவிடும். உப்பேறிய கிணறு மீண்டும் நல்ல கிணறாகப் பல மழைக்காலம் ஆகும். சில கிணறுகள் திரும்புவதே இல்லை.

இந்தத் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் 'தம்பபவனி' காற்றாலைத் திட்டம் திறக்கப்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில், இலங்கை மின்சார சபைக்காக எழுப்பப்பட்ட 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். பொதுத்துறைத் திட்டம்தான். ஆனாலும் அதன் பிறகு தீவு மக்கள் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். ஒன்று, காற்றாலைகளுக்காகப் போட்ட பாதைகளும் மேடுகளும் மழைநீர் கடலுக்கு வடியும் வழியை மறித்துவிட்டன. முன்பு சில நாளில் வடிந்த வெள்ளம் இப்போது ஊருக்குள் தேங்குகிறது. மற்றொன்று, கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது.

இதில் எவ்வளவு காற்றாலையால், எவ்வளவு மாறிவரும் மழையாலும் கடலாலும் என்பதைச் சுதந்திரமான ஆய்வுதான் பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் வெள்ளம் எந்தத் தாழ்வில் நிற்கும், எந்த வாய்க்கால் வழியாக வடியும் என்று அந்த மண்ணில் நடந்து பழகியவர்கள் சொல்வதை 'வதந்தி' என்று ஒதுக்குவது அறிவியல் ஆகாது. படித்தவன் சொன்னால் தரவு, கரைவலை இழுப்பவர் சொன்னால் புரளி என்று பிரிப்பது எந்தப் புத்தி என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதானி வந்தார், போனார், திட்டம் போகவில்லை

மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி கிரீன் எனர்ஜி நிறுவனத்துக்கு 2023 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. முதலீடு 44.2 கோடி அமெரிக்க டாலர். அதற்கு முன்பே, 2022 ஜூனில், இலங்கை மின்சார சபையின் அன்றைய தலைவர் நாடாளுமன்றக் குழு முன்பு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். திட்டத்தை அதானிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாகக் குடியரசுத் தலைவர் கோத்தபய தன்னிடம் சொன்னார் என்றார். கோத்தபய மறுத்தார். பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தலைவர் பதவி விலகினார். அதே ஜூன் மாதத்தில் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி, போட்டி ஒப்பந்தப்புள்ளி என்ற தடையை நாடாளுமன்றம் அகற்றியது.

2024 மே மாதம் யூனிட் ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சென்ட் வீதம் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அதே மன்னாரில், பிறகு போட்டி முறையில் விடப்பட்ட 50 மெகாவாட் திட்டத்துக்கு ஓர் உள்நாட்டு நிறுவனம் கேட்ட விலை 4.65 சென்ட். காற்று ஒன்று, கடற்கரை ஒன்று. விலை மட்டும் பாதியை ஒட்டி இறங்கியது. போட்டி இல்லாமல் கொடுத்தால் யார் பையிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

சுற்றுச்சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. ஆட்சி மாறியது. விலையை மறுபரிசீலனை செய்யப் புதிய அரசு முயன்றபோது, 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது. தமிழ்நாட்டில் நாம் பலர் அத்துடன் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அதானி எதிர்ப்பு நமக்குச் சுலபமானது. முகம் தெரிந்த எதிரி, மீம் போட வசதியான எதிரி.

ஆனால் மன்னார் மக்களுக்குக் கதை முடியவில்லை. 50 மெகாவாட்டும் இன்னொரு 20 மெகாவாட்டும் உள்நாட்டு நிறுவனங்களின் பெயரில் வந்தன. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் ராட்சத இறக்கைகளை ஏற்றிய வாகனங்கள் இரவில் தீவுக்குள் நுழைந்தபோது மக்கள் மறித்தார்கள். மன்னார் பிரஜைகள் குழு, மதகுருமார், கடற்றொழிலாளர் அமைப்புகள், பெண்கள், இளைஞர்கள் என்று தொடர் போராட்டம் நடந்தது. ஆகஸ்ட் 13 அன்று குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க திட்டத்தை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். மாதம் முடிந்தது, பணி தொடரும் என்றார்கள். செப்டம்பர் 26 இரவு, காவல்துறைப் பாதுகாப்புடன் வாகனங்கள் வந்தன. மறித்த மக்கள்மீது தடியடி. பெண்களும் குருமாரும் தப்பவில்லை. 29ஆம் தேதி மன்னார் முழுக் கதவடைப்பில் நின்றது.

இடதுசாரிப் பெயர் சூட்டிக்கொண்ட அரசு, உள்நாட்டு முதலாளி, போட்டி ஒப்பந்தப்புள்ளி, குறைந்த விலை. அதானி விஷயத்தில் நாம் சுட்டிக்காட்டிய குற்றங்கள் பலவும் இதில் இல்லை. அப்படியும் மக்கள் வேண்டாம் என்கிறார்கள் என்றால், பிரச்சினையின் வேர் ஒரு முதலாளியின் பெயரில் இல்லை. கேட்காமல் செய்வதுதான் வேர்.

மறுதரப்பின் நியாயம்

மறுதரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. டீசல் வாங்க டாலர் இல்லை. நாட்டின் பெரிய அனல்மின் நிலையமான நுரைச்சோலை, இறக்குமதி நிலக்கரியில் ஓடுகிறது. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுக்க வேண்டும் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. மன்னாரில் வீசும் காற்று அந்நாட்டின் சிறந்த காற்றுவளங்களில் ஒன்று. கடல் உயர்ந்தால் முதலில் மூழ்கப் போவதும் மன்னார் போன்ற தாழ்ந்த தீவுகள்தான். எனவே காற்றாலை மன்னாருக்கே நல்லது.

இவை அத்தனையும் உண்மை. இவற்றிலிருந்து 'காற்றாலை வேண்டும்' என்ற முடிவுக்கு வரலாம். 'மன்னார் மக்களைக் கேட்க வேண்டாம்' என்ற முடிவுக்கு வர முடியாது. நாட்டின் தேவைக்காக நிலத்தையும் கடலையும் தருகிறவர்களுக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது? இலங்கையில் மின் கட்டணம் நாடு முழுவதும் ஒன்றே. காற்றாலையின் நிழலில் வாழ்பவரும், கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவரும் ஒரே அளவுகோலில்தான் கட்டுகிறார்கள். காற்றாலையில் பங்கில்லை, வருமானத்தில் பங்கில்லை, முடிவில் குரலில்லை. வெள்ளத்தில் மட்டும் முழுப் பங்கு.

அரசு உண்மையிலேயே தீவு மக்களின் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறதா என்று பார்க்க, கொஞ்சம் வடக்கே போனால் போதும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசலை நம்பி நிற்பவை. அங்கே காற்று, சூரியன், மின்கலம் மூன்றையும் இணைத்த சிறு மின்திட்டம் அமைக்கும் பணி 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குத் தரப்பட்டது. தன் கடற்கரைக்கு எதிரே சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. சீன நிறுவனம் விலக, 2022 மார்ச்சில் இந்தியா தன் நிதியில் கட்டித் தருவதாக ஒப்பந்தம் போட்டது. கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாக 2024 மார்ச் ஆனது. சில ஆயிரம் பேருக்கான மின்சாரம், இரு வல்லரசுகளின் சண்டையில் மூன்று ஆண்டுகள் காகிதமாகவே கிடந்தது. தீவு மக்களுக்கான திட்டம் இப்படி நகர, தீவிலிருந்து எடுத்துச் செல்லும் திட்டத்துக்கு மட்டும் நள்ளிரவில் காவல்துறை துணை வருகிறது.

மணலுக்கு அடியில் இருப்பது

காற்றாலையைவிட ஆபத்தானது இன்னொன்று. மன்னார் மணலில் இல்மனைட் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ட் முதல் அழகுசாதனப் பொருள் வரை பயன்படும் டைட்டானியத்தின் மூலக் கனிமம். டைட்டானியம் சாண்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் பல ஆண்டுகளாகத் தீவில் துளையிட்டு மணலை ஆய்வு செய்து வந்திருக்கிறது. மன்னார் போராட்டம் தொடக்கம் முதலே இரண்டையும் சேர்த்துத்தான் எதிர்க்கிறது.

காற்றாலை விஷயத்தில் எங்கே, எத்தனை, எப்படி என்று பேச இடமுண்டு. கனிம மணலில் அந்த இடம் இல்லை. மழையைப் பிடித்து வைக்கும் தொட்டியே அந்த மணல்தான். தொட்டியை அள்ளிக்கொண்டு போய்விட்டுத் தண்ணீரைப் பாதுகாப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் தென்கரையில் தாது மணல் வேட்டை என்ன செய்தது என்பதைக் கண்டவர்கள் நாம். 2013இல் தனியார் தாது மணல் எடுப்பைத் தமிழ்நாடு அரசு தடை செய்ய வேண்டி வந்தது. இந்த அனுபவத்தை மன்னார் மக்களிடம் பகிர்வது, கண்டன அறிக்கையைவிடப் பயனுள்ள தோழமை.

நீரும் மின்சாரமும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கிலேயே பாடம் உண்டு. சுன்னாகம் அனல்மின் நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய், சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. 2014, 2015இல் மக்கள் போராடினார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது. அதற்குள் எத்தனை வருடம் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்!

அதே சுன்னாகத்திலிருந்துதான் 1966 அக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டு, காவல்துறையின் தடியடியைச் சந்தித்தது. தேநீர்க்கடை, கோயில், கிணறு மூன்றும் அன்றைய யாழ்ப்பாணத்தில் சாதியின் எல்லைக்கோடுகள். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்திருந்தும், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஊர்க் கிணற்றில் கயிறு இறக்க முடியவில்லை. யாரோ அள்ளி ஊற்றக் காத்திருந்தார்கள். பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடுகிற நீர் ஒன்றேதான். அதற்குச் சாதி தெரியாது. மேலே கட்டிய சுவருக்குத்தான் தெரிந்தது. எண்ணெய் கசிந்தபோது கீழே ஓடிய அந்த ஒரே நீர் எல்லோர் கிணற்றுக்கும் நஞ்சைக் கொண்டு போனது. ஆனால் வேறு காணியில் கிணறு வெட்ட வசதியுள்ளவர் தப்பிக்க வழியுண்டு. துண்டு நிலமும் இல்லாதவருக்கு எந்த வழியும் இல்லை. சுற்றுச்சூழல் கேடு எல்லோருக்கும் பொது என்று சொல்பவர்களுக்கு நமது பதில் இதுதான்: கேடு பொதுவாக வரும், தப்பிக்கும் வழி சாதியும் சொத்தும் பார்த்துத்தான் திறக்கும்.

'மண்ணின் மக்கள்' யார்?

போராட்டத்தை ஆதரிக்கும்போதே, போராட்டத்திடமும் நாம் சில கேள்விகளை வைக்க வேண்டும். 'எங்கள் மண், எங்கள் உரிமை' என்பது வலிமையான முழக்கம். அதில் 'எங்கள்' என்பதற்குள் யார் யார் வருகிறார்கள்?

1990 அக்டோபரில் மன்னார் உட்பட வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இன்றும் காணிக்காக அலைகிறார்கள். யாழ்ப்பாணத்தின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கால் நூற்றாண்டு கடந்தும் மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். போருக்கு முன்பும் அவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை. மீள்குடியேற உறுதிப் பத்திரம் கேட்டபோது காட்ட எதுவும் இல்லை. மலையகத் தமிழரின் முன்னோர், இதே தமிழ்நாட்டின் சேரிகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். அந்த நினைவில் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. இருநூறு ஆண்டு உழைத்தும் அவர்களில் பலருக்கு இன்னும் வீட்டடி நிலம் இல்லை.

எனவே நிலத்தின் மீதான உரிமையைப் பத்திரம் வைத்திருப்பவரின் உரிமையாகச் சுருக்கிவிடக் கூடாது. காற்றாலை நிறுவனம் காணிச் சொந்தக்காரரிடம் குத்தகை பேசிவிட்டு 'சம்மதம் வாங்கிவிட்டோம்' என்று சொல்லும். அந்தக் கரையில் வாடி போட்டவர், பனை ஏறுபவர், கருவாடு காயவைக்கும் பெண், ஆடு மேய்ப்பவர் யாருடைய சம்மதமும் அதில் இருக்காது. எதிர்க் கரையில் கமுதியில் இதே அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டியது. நிலமுள்ளவருக்கு ஏதோ ஒரு விலை கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவரை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?

தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கும் ஒரு கசப்பான கேள்வி உண்டு. மன்னார் மீனவருக்காகப் பதிவு போடும் நாம், அதே மீனவரின் வலையை அறுத்துக் கடலடியைச் சுரண்டுகிற நம்மூர் இழுவைப் படகுகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. இங்கே அதைப் பேசினால் தமிழினத் துரோகி ஆகிவிடுவோம் என்ற பயம். படகு முதலாளியின் லாபமும் கூலிக்குப் போய்ச் சிறைப்படும் தொழிலாளியின் துயரமும் ஒன்றல்ல. முதலாளியைக் கேள்வி கேட்காமல் வருகிற தோழமையை மன்னார்க் கடற்கரை நம்பாது.

கேட்க வேண்டியது என்ன

முதலாவது, மணல் அகழ்வுக்கான எல்லா அனுமதிகளும் தீவில் முற்றாகக் கைவிடப்பட வேண்டும். இதில் பேரம் இல்லை.

இரண்டாவது, இப்போது இருக்கிற காற்றாலைகள் நிலத்தடி நீரையும் வெள்ள வடிகாலையும் மீன்பாட்டையும் எப்படிப் பாதித்தன என்று, நிறுவனத்திடம் கூலி வாங்காத ஆய்வாளர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து ஆராய வேண்டும். அறிக்கை தமிழில், ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். அடைபட்ட நீர்வழிகள் அடுத்த மழைக்கு முன்பே திறக்கப்பட வேண்டும். அதுவரை புதிய கோபுரம் எதுவும் எழக் கூடாது.

மூன்றாவது, சம்மதம் என்பது காணி உறுதி வைத்திருப்பவரின் கையெழுத்தாக இல்லாமல், அங்கே வாழ்ந்து உழைக்கும் எல்லோருடைய முடிவாக இருக்க வேண்டும். நிலமற்றோர், பெண்கள், முஸ்லிம்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அதில் அடங்கும். மறுக்க முடியாத சம்மதத்துக்கு உத்தரவு என்று பெயர்.

நான்காவது, மக்கள் ஒப்புக்கொண்டு காற்றாலை வரும் இடத்தில், அதன் உரிமையிலும் வருமானத்திலும் அவர்களுக்குச் சட்டபூர்வமான பங்கு வேண்டும். கூட்டுறவாக நடத்தலாம், பொதுத்துறையில் பிரதேச மக்களுக்குப் பங்கு ஒதுக்கலாம். முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்று 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் அம்பேத்கர் முன்வைத்த திட்டத்தை, இன்றைய காற்றுக்கும் சூரியனுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டியது நமது வேலை.

கரியை விட்டு உலகம் காற்றுக்கு மாறத்தான் போகிறது. மாறியும் ஆக வேண்டும். அந்த மாற்றத்திலும் முடிவெடுப்பவர் ஒரு பக்கம், சுமப்பவர் ஒரு பக்கம் என்றே இருந்தால், எரிபொருள் மட்டும்தான் மாறியிருக்கும். மன்னாரில் தடியடி வாங்கியவர்கள் இதை நமக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைத் தமிழ்நாட்டின் மேடைகளில் அதே கூர்மையோடு, இழுவைப் படகு முதலாளிகளின் முகத்துக்கு நேராகவும் சேர்த்து, நாம் பேசத் தொடங்குவோம்.